மேலத்தெரு ரிவால்வரும் கீழத்தெருத் தோட்டாவும்

வெள்ளெலிப்பட்டிக்காரர்கள் துப்பாக்கி வாங்கிய கதை இது. பயப்பட வேண்டாம், கதை முடிகிற வரைக்கும் ஒரு குண்டுகூட வெடிக்காது.

அந்த ஊரில் இரண்டே தெரு, மேலத்தெரு, கீழத்தெரு. இரண்டுக்கும் பொதுவாக ஒரு முப்பிடாதி அம்மன். அம்மனுக்கு ஒரு கல் அட்டிகை. அட்டிகை வருடம் முழுக்க டவுன் வங்கியில் இருக்கும். கொடைத் திருவிழாவுக்கு முந்தின நாள் பூசாரி வண்ணமுத்து கையெழுத்துப் போட்டு வாங்குவார், கொடைக்கு மறுநாள் கையெழுத்துப் போட்டுத் திருப்பிக் கொடுப்பார். அட்டிகைக்கு ஏதாவது ஆகிவிட்டால் பூசாரிப் பட்டம் போய்விடும். அந்த நாளுக்காக அவருடைய சித்தப்பா மகன் ஒருவன் பட்டு வேட்டியைத் துவைத்து மடித்துக் காத்திருந்தான். வண்ணமுத்துவுக்கோ அந்தக் கோயிலை விட்டால் வேறு பிழைப்புக் கிடையாது.

அந்த வருடம் டவுன் பாதையில், உடைமரம் மண்டிய உடங்காட்டு வளைவில் மாசானம் நிற்கிறான் என்று பேச்சு வந்தது. மாசானம் ஒற்றையாள், கையில் ஓர் அரிவாள். போகிறவர் வருகிறவரிடம் மரியாதையாகக் கேட்டு வாங்கிக்கொள்வான். கால்வாய்க் கரை வழியாகப் போனால் ஆள் நடமாட்டம் உண்டே என்றார் பூசாரி. கொடைக் கமிட்டிக்கு அது பிடிக்கவில்லை. ஒரு திருடனுக்காக அம்மன் பாதையை மாற்றினால் அம்மனை விட மாசானத்துக்கு மரியாதை கூடிவிடும் என்றார் தலைவர் பிரம்மநாயகம். ஆகவே, துப்பாக்கி வாங்குவது என்று தீர்மானமாயிற்று.

கமிட்டியில் நாலு பேர். மேலத்தெருவுக்கு பிரம்மநாயகமும் சொரிமுத்துவும், கீழத்தெருவுக்கு ஆதிமூலமும் பலவேசமும். நாலு பேருக்கும் சேர்த்து மீசை நிறைய இருந்தது.

லைசென்ஸ் கேட்டுப் போன இடத்தில் அதிகாரி, உங்கள் உயிருக்கு ஆபத்து உண்டா என்று கேட்டார். பிரம்மநாயகத்துக்கு முகம் சிவந்துவிட்டது. தன்னைப் போன்ற கௌரவமான ஆளை யார் கொல்ல நினைப்பார்கள் என்று நீண்ட நேரம் விளக்கினார். மனு தள்ளுபடியாயிற்று. இரண்டாம் முறை பலவேசம் உதவிக்கு வந்தார். “உம்மைக் கொல்லாமல் விடமாட்டேன், இப்படிக்கு பலவேசம், கீழத்தெரு, வெள்ளெலிப்பட்டி” என்று கார்டு எழுதி, நகல் ஒன்றைப் போலீஸுக்கும் அனுப்பிவைத்தார். பலவேசம் மூன்று நாள் ஸ்டேஷனில் உட்கார்ந்திருந்தார். லைசென்ஸ் வந்தது. ரிவால்வரோ பிஸ்டலோ, ஏதாவது ஒன்று வைத்துக்கொள்ளலாம் என்று அதில் எழுதியிருந்தது. வினை அங்கேதான் ஆரம்பம்.

துப்பாக்கிக் கடையில் தேவசகாயம் என்றொருவர் இருந்தார். பட்டாளத்தில் ஹவில்தாராக இருந்து ஓய்வு பெற்றவர், பொறுமைசாலி. அன்றைக்கு அந்தப் பொறுமை முழுவதும் செலவாயிற்று. மேஜைமேல் இரண்டு சாமான்களை வைத்தார். ரிவால்வர் சின்னது, எடுத்தால் சுடும், சிக்கல் கிடையாது, ஆனால் தோட்டா இருக்கிற உருளை தொப்பை மாதிரிப் புடைத்துக்கொண்டு நிற்கும், ஆறு குண்டோடு சரி. பிஸ்டல் தட்டை, மடியோடு ஒட்டிக்கொள்ளும், எட்டுக் குண்டு பிடிக்கும், ஆனால் பின்னால் இழுக்க வேண்டும், பூட்டை நீக்க வேண்டும், பழகாத கையில் சிக்கிக்கொள்ளும். யார் உடம்புக்கும் கைக்கும் எது ஒத்துவருகிறதோ அதை எடுங்கள் என்றார். கடைசியாக அவர் சொன்ன ஒரு வார்த்தைதான் இந்தக் கதையையே நடத்தியது.

“எதை வாங்கினாலும் சரி, அது உங்ககிட்ட இருக்கிறது வெளியே யாருக்கும் தெரியக்கூடாது.”

நாலு பேரும் அருள்வாக்குக் கேட்டதுபோலத் தலையாட்டினார்கள்.

பிறகு விவாதம் தொடங்கியது. சொரிமுத்து முதலில் வாயைத் திறந்து ரிவால்வர்தான் நல்லது என்றார். அவர் மேலத்தெரு என்பதால் கீழத்தெருவுக்குப் பிஸ்டல் என்று முடிவாகிவிட்டது. காரணங்களைப் பிறகு தேடினார்கள்.

மாசானம் ஒருத்தன்தானே, ஆறு குண்டே அஞ்சு அதிகம் என்றார் பிரம்மநாயகம். எட்டு என்றால் ஏழு அதிகம், அதிகம் இருப்பதுதானே கௌரவம் என்றார் ஆதிமூலம். சுட்டதும் பிஸ்டல் காலித் தோட்டாவை வெளியே துப்பும் என்று தேவசகாயம் சொல்லப்போக, சொரிமுத்து பிடித்துக்கொண்டார்.

“துப்புதா? அம்மன் சாமான் கொண்டுவார பாதையில துப்புத சாமானா? ரிவால்வரைப் பாரும். தின்னதைத் தனக்குள்ளேயே வச்சிருக்கு. அதுல்லா குடும்பத்துக்கு ஆகும்.”

“சுத்துதுல்லா வே உம்ம ரிவால்வரு,” என்றார் பலவேசம். “சுத்துத சாமானுக்குப் போன குண்டு எது, வந்த குண்டு எதுன்னு எப்படித் தெரியும்?”

மத்தியானம் தாண்டியும் முடிவாகவில்லை. தேவசகாயம் சாப்பிட்டுவிட்டு வந்து பார்த்தபோது நாலு பேரும் சமாதானமாக உட்கார்ந்திருந்தார்கள். கோயிலில் எந்தத் தகராறு வந்தாலும் தீர்க்கிற வழியிலேயே இதையும் தீர்த்துவிட்டார்கள். மஞ்சள்பொடி மேலத்தெரு என்றால் குங்குமம் கீழத்தெரு. பால்குடம் மேலத்தெரு என்றால் பொங்கல் பானை கீழத்தெரு. அதேபோல், துப்பாக்கி மேலத்தெரு, தோட்டா கீழத்தெரு. ரிவால்வர் ஒன்றும், பிஸ்டல் தோட்டா எட்டும் கொடுங்கள் என்றார் பிரம்மநாயகம்.

தேவசகாயம் கையைக் கூப்பினார். “ஐயா, இதுக்கு அது ஒத்துப்போகாது.”

“ரெண்டு தெருவும் நாப்பது வருசமா ஒத்துப்போகல,” என்றார் பிரம்மநாயகம். “கொடை நடக்காமலா இருக்கு?”

ஹவில்தார் அந்த நாலு முகங்களையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு கேட்டபடியே கட்டிக் கொடுத்துவிட்டார். இவ்வளவு நிம்மதியாக நான் துப்பாக்கி விற்றதே இல்லை என்று அன்றைக்கு வீட்டில் சொன்னாராம்.

ஊருக்கு வந்ததும் மறைக்கிற வேலை ஆரம்பமாயிற்று. பிரம்மநாயகம் ரிவால்வரை மடியில் கட்டிப் பார்த்தார், இடுப்பு ஒரு பக்கம் வீங்கியது. ஒருத்தருக்கு மட்டும் வீங்கியிருந்தால்தானே தெரியும் என்று மற்ற மூவரும் ஆளுக்கொரு தேங்காயை மடியில் கட்டிக்கொண்டார்கள். அதிலும் தேங்காய் தெரிந்தது. கடைசியில் மேலத்தெருத் தையல்காரரைக் கூப்பிட்டு, தலைவரின் பனியனுக்குள் சாக்குத்துணியில் ஒரு பை வைத்து, ரிவால்வரை உள்ளே போட்டு, சாக்கு ஊசியால் நாலு பக்கமும் மூடித் தைத்துவிட்டார்கள். எங்கே தைத்தது என்று கீழத்தெருவுக்குச் சொல்லவில்லை. கீழத்தெருவும் தோட்டாவை எங்கே வைத்திருக்கிறது என்று மேலத்தெருவுக்குச் சொல்லவில்லை. பாதுகாப்பு என்றால் பாதுகாப்பு.

கை பழக வேண்டுமென்று தேவசகாயம் சொல்லியிருந்தார். தலைவர் தினமும் காலையில் கண்ணாடி முன் நின்று, மார்பில் கையை வைத்து, வெறுங்கையை எடுத்து நீட்டிப் பழகினார். தானே பார்த்துவிடக் கூடாதே என்று அப்போது கண்ணை மூடிக்கொண்டார்.

இவ்வளவும் செய்த பிறகு ஊர்க்காரர்கள் பார்த்துவிட்டால் என்ன செய்வது? அதற்கும் வழி இருந்தது. கொடைக்குக் கட்டியிருந்த மைக் செட்டில் காலையும் மாலையும் அறிவிப்புப் போனது. தலைவரிடம் துப்பாக்கி இருப்பது யாருக்கும் தெரியக்கூடாது என்பதால், அவர் தெருவில் வரும்போது பொதுமக்கள் சுவரைப் பார்த்துத் திரும்பி நின்று ஒத்துழைக்குமாறு கேட்டுக்கொள்ளப்பட்டார்கள். மக்களும் ஒத்துழைத்தார்கள். பெட்டிக்கடை முக்கில் டீ குடித்துக்கொண்டிருந்த மாசானமும் அறிவிப்பைக் கேட்டான். டீயைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்து போனான்.

திங்கட்கிழமை வங்கியில் வண்ணமுத்து கையெழுத்துப் போட்டு அட்டிகையை வாங்கினார். அட்டிகைப் பெட்டியைச் சொரிமுத்து தலையில் வைத்துக்கொள்ள, பலவேசம் பட்டுக்குடை பிடிக்க, ஊர்வலமாக உடங்காட்டு வழியே வந்தார்கள்.

வளைவில் மாசானம் நின்றான். ஆனால் அரிவாளை முதுகுக்குப் பின்னால் வைத்திருந்தான், பாதி ஓடத் தயாரான நிலையில்.

“அண்ணாச்சி, கோவிச்சுக்கிடாதீய. துப்பாக்கி வச்சிருக்கியளாமே. மைக்குல சொன்னாவ.”

பிரம்மநாயகம் மீசையைத் தடவினார். “எங்கிட்ட ஏதுவே துப்பாக்கி?”

“சும்மா சொல்லுங்க அண்ணாச்சி. இருக்குன்னு ஒரு வார்த்தை சொன்னாப் போதும், நான் பாட்டுக்கு வீட்டுக்குப் போயிருதேன். எனக்கும் பிள்ளை குட்டி இருக்கு.”

“இல்லவே. இருந்தா இல்லன்னு சொல்லுவனா?”

மாசானத்துக்கு நம்பிக்கை வரவில்லை. மூன்று தரம் கேட்டான். மூன்று தரமும் நாலு பேரும் ஒரே குரலில் மறுத்தார்கள். வண்ணமுத்துவால் பொறுக்க முடியவில்லை. இருக்குடா, துப்பாக்கி இருக்கு, ஓடிப் போயிரு என்று கத்தினார். சொரிமுத்து ஒரு கையால் பெட்டியைப் பிடித்துக்கொண்டு இன்னொரு கையால் அவர் வாயைப் பொத்தினார். பூசாரிக்கு வயசாகிவிட்டது, வெயில் தலைக்கேறிவிட்டது என்று பிரம்மநாயகம் மாசானத்திடம் வருத்தம் தெரிவித்தார்.

அம்மன் பேரில் சத்தியம் செய்ய முடியுமா என்று மாசானம் கேட்டான். ஆதிமூலம் முன்னால் வந்தார். துப்பாக்கியை எங்கே தைத்தார்கள் என்று அவருக்குத்தான் காட்டவில்லையே. பெட்டிமேல் கையை வைத்து, நான் பார்த்த வரைக்கும் இங்கே யார் மேலும் துப்பாக்கி இல்லை என்று மனச்சாட்சிப்படி சத்தியம் செய்தார். மாசானம் பெருமூச்சு விட்டு, அரிவாளை முன்னால் கொண்டுவந்து, மரியாதையாகப் பெட்டியைத் திறக்கச் சொல்லி அட்டிகையை வாங்கிக்கொண்டான். வெறும் பெட்டியைத் திருப்பிக் கொடுத்தான்.

அவன் தலை மறைந்ததும் பிரம்மநாயகம் மற்றவர்களைக் கட்டிப் பிடித்துக்கொண்டார். பக்கத்தில் வந்து நின்று சத்தியம் வரைக்கும் கேட்டவனுக்கே தெரியவில்லை என்றால் ஹவில்தார் சொன்னதில் ஒரு புள்ளிகூடக் குறையவில்லை. பூசாரி ரோட்டோரம் உட்கார்ந்து அழுதார். முப்பது வருடம் அவர் தொட்டுப் பூட்டிய நகை அது.

அடுத்த நாள் மத்தியானக் கொடை. அம்மன் கழுத்து நிறைய மாலை, ஆனால் அட்டிகை இல்லை. கூட்டத்தில் முணுமுணுப்பு கிளம்பியது. சித்தப்பா மகன் பட்டு வேட்டி கட்டிக்கொண்டு முன்வரிசைக்கே வந்துவிட்டான். வண்ணமுத்து தீபாராதனைத் தட்டைக் கீழே வைத்து, எல்லாவற்றையும் சொல்லிவிட வாயெடுத்தார். அதற்குள் பிரம்மநாயகம் மைக்கைப் பிடித்தார்.

“பக்தகோடிகள் கவலைப்பட வேண்டாம். அட்டிகை அம்மன் கழுத்திலேதான் இருக்கு. பாதுகாப்பு விதிப்படி வெளியே தெரியாம வச்சிருக்கோம்.”

கூட்டம் எட்டி எட்டிப் பார்த்தது. ஒரு மினுக்கம்கூடத் தெரியவில்லை. என்ன நேர்த்தியாக மறைத்திருக்கிறார்கள் என்று பெண்கள் கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள். சித்தப்பா மகன் வேட்டியை மடித்துக்கொண்டு போனான்.

மாசானத்துக்கும் முப்பிடாதிதான் குலசாமி. திருநீறு பூசிக்கொண்டு தூணோரம் நின்றவன் மைக்கில் சொன்னதைக் கேட்டு மடியைத் தடவிப் பார்த்தான். அம்மன் கழுத்தில் இருப்பது அட்டிகை என்றால் என் மடியில் இருப்பது என்ன? அம்மன் சன்னதியிலேயே நின்று பொய் சொல்லவா போகிறார்கள். அவனுக்கு வந்ததே கோபம். நேராகக் கமிட்டியிடம் போய் அட்டிகையை எடுத்து நீட்டினான்.

“கவரிங்கைக் குடுத்து ஏமாத்திட்டியளே அண்ணாச்சி. நம்பி வாங்கினவனுக்கு இப்படியா செய்வாவ?”

வண்ணமுத்து பாய்ந்து கையை நீட்டினார். பிரம்மநாயகம் குறுக்கே புகுந்தார். அம்மன் அட்டிகை அம்மன் கழுத்தில் இருக்கிறபோது இதை வாங்கிக்கொண்டால் ஊர் என்ன நினைக்கும்? கண்ட நகையையும் கோயிலுக்குள் கொண்டு வரக்கூடாது என்று கண்டித்து, மாசானத்தின் கையை அவரே மடக்கி, மரியாதையாக வெளியே அனுப்பிவைத்தார்.

பூசாரி அவன் பின்னாலேயே ஓடி வேப்பமரத்தடியில் பிடித்தார். பேத்தி விளையாடுவாள், அந்தக் கவரிங்கை எனக்குத் தருகிறாயா என்று கேட்டார்.

“எடுத்துட்டுப் போயிரும். எனக்கு எதுக்கு இந்தக் கருமம்?” என்றான் மாசானம்.

புதன்கிழமை காலை முதல் பஸ்ஸில் வண்ணமுத்து டவுனுக்குப் போனார். பத்து மணிக்கு வங்கி திறந்ததும் அட்டிகையைக் கொடுத்து, கையெழுத்துப் போட்டு, ஒரு காப்பி குடித்து, வீட்டுக்கு வந்து பாயை விரித்தார். இத்தனை நாள் வராத தூக்கம் அன்றைக்குப் பகலிலேயே வந்தது.

கமிட்டிக்கு இது தெரியாது. அட்டிகை இருக்கிறது என்று ஊருக்குச் சொல்லியாகிவிட்டதால், அவர்கள் வழக்கப்படி பெட்டியைத் தூக்கிக்கொண்டு, பட்டுக்குடை பிடித்து, தலைவரின் பனியனுக்குள் ரிவால்வரோடு, உடங்காட்டு வழியாக நடந்து பன்னிரண்டு மணிக்கு வங்கிக்கு வந்து சேர்ந்தார்கள். மேனேஜர் பெட்டியைத் திறந்தார். உள்ளே ஒன்றுமில்லை. அவர் ஆச்சரியப்படவுமில்லை.

“அட்டிகைதான் காலையிலேயே வந்துட்டுதே,” என்று பேரேட்டைத் திருப்பிக் காட்டினார். “பெட்டகத்துக்குள்ள பத்திரமா இருக்கு.”

நாலு பேரும் நோட்டைப் பார்த்தார்கள், வெறும் பெட்டியைப் பார்த்தார்கள், ஒருவரையொருவர் பார்த்தார்கள். பிரம்மநாயகத்தின் கண் கலங்கிவிட்டது. நெஞ்சில் சாக்குப்பை இருந்த இடத்தை மெதுவாகத் தட்டிக் கொடுத்தார்.

“பாத்தீராவே ஆதிமூலம். சுமந்துட்டு வந்த நமக்கே தெரியாம வந்து சேந்திருக்கு. இதுக்கு மேல ஒரு சாமானை மறைக்க முடியுமா? ரிவால்வர்னா ரிவால்வர்தான்.”

ஆதிமூலம் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார்.

“தோட்டா யாருதுங்கதை மறந்துராதேயும்,” என்றார்.