திரையின் வலது மூலை

குருவுக்கு வயது முப்பத்தாறு, சீடருக்கு ஐம்பத்து மூன்று. கணக்கு தலைகீழாக இருக்கிறதே என்று யாரும் மூக்கில் விரல் வைக்க வேண்டாம். படிப்பு வயதைப் பார்த்தா வருகிறது?

குரு கமருன்னிஸா, மலையடிவாரத்தில் பட்டுப்பூச்சி முட்டை தயாரிக்கும் ஒரு கூடத்தில் நுண்ணோக்கி பார்ப்பவர். சீடர் திம்மராயன், மாதேபள்ளிக்காரர். ஒரு காலத்தில் பட்டுப்புழு வளர்த்தவர். நான்கு வருடத்துக்கு முன் அவர் வாங்கிப்போன முட்டையில் பெப்ரின் நோய் ஒளிந்திருந்தது. மிளகுத்தூள் தூவியதுபோல் உடம்பெல்லாம் புள்ளி விழுந்து, தட்டுத் தட்டாகப் புழுக்கள் செத்தன. குழி வெட்டி, சுண்ணாம்பு கொட்டி மூடினார். அந்த முட்டைக்கு 'நோய் இல்லை' என்று எழுதிக் கொடுத்த முகம் தெரியாத ஆளை நாள் தவறாமல் திட்டினார்.

சூடு கண்ட பூனை அடுப்பங்கரைப் பக்கம் போகாது என்பார்கள். திம்மராயன் நேரே அடுப்புக்கே வந்துவிட்டார்.

"எனக்கும் பார்க்கக் கத்துக் கொடுங்கம்மா."

"எதைப் பார்க்கணும்ணா?"

"முட்டையில நோய் இருக்குதா இல்லையான்னு."

"முட்டை சொல்லாது. தாயைத்தான் கேட்கணும்."

முட்டையிட்டு முடித்த ஒரு தாய்ப்பூச்சியை எடுத்துச் சின்னக் கல்வத்தில் போட்டார் கமருன்னிஸா. மருந்துத் தண்ணீர் விட்டு அரைத்தார். அதில் ஒரு சொட்டு ஸ்லைடில் ஏறியது. தாயின் உடம்பில் நோய் வித்து ஒன்று தென்பட்டாலும் அன்றைய முட்டை மொத்தமும் நெருப்புக்குப் போகும். அங்கே அதுதான் சட்டம்.

திம்மராயன் நுண்ணோக்கிக் குழலில் கண்ணை வைத்தார். வெகுநேரம் கண்ணை எடுக்கவில்லை.

"என்ன தெரியுது?"

"தேர்த் திருவிழாக் கூட்டம் மாதிரி இருக்குதும்மா. ஒரு சொட்டுலயா இவ்வளவும்?" அவருக்குக் கை தானாகக் குவிந்தது.

"கும்பிட்டது போதும். இன்னொரு தடவை பாருங்க."

அப்படியே ஆறு மாதம் போயிற்று.

பிறகு ஒருநாள் புது டிஜிட்டல் மைக்ராஸ்கோப் வந்தது. தலையில் கேமரா, பக்கத்தில் திரை. பெட்டியைப் பிரித்த திம்மராயனுக்குத் தலைகால் புரியவில்லை. கழுத்தைப் பிடித்துத் தூக்கப் போனார்.

"ஒரு கை கழுத்துல, ஒரு கை அடியில. கைக்குழந்தையை எப்படித் தூக்குவீங்க?"

ஜன்னலோரம் வைத்தார். வெயில் படும் என்றார் கமருன்னிஸா. கல்வத்து மேசையில் வைத்தார். அரைக்கிற அதிர்வில் படம் ஆடியது. கடைசியில் மூலையிலிருந்த கடப்பைக்கல் மேடைதான் அதற்கு வாய்த்தது. லென்ஸைத் துடைக்கத் தோள் துண்டை எடுத்ததற்கு மட்டும் அவர் வாங்கிய திட்டு கொஞ்சம் பெரியது. மெல்லிய லென்ஸ் தாள் தனியாக இருந்தது. ஊதுவதற்கு வாய் ஆகாது, ரப்பர் பந்துதான். மாலையில் விளக்கணைத்து உறை போடாமல் யாரும் வீட்டுக்குப் போகக் கூடாது.

எல்லாம் முடிந்து திரை வெளிச்சமானபோது, குழலுக்குள் அவர் தனியாகப் பார்த்த கூட்டம் இப்போது திரை முழுக்க விரிந்து துடித்தது. திம்மராயன் இரண்டடி பின்னால் நகர்ந்தார். பார்த்துப் பார்த்துப் பழகியதுதான், ஆனாலும் உடம்பு சிலிர்த்தது.

அப்புறம்தான் வலது மேல்மூலையில் கருப்பாக ஒரு புள்ளியைப் பார்த்தார்.

"அது என்னம்மா?"

"எங்கே இருக்குன்னு நீங்களே கண்டுபிடிங்க."

ஸ்லைடை நகர்த்தினார். கூட்டம் மொத்தமும் நகர்ந்தது, புள்ளி நகரவில்லை. அப்படியானால் ஸ்லைடில் இல்லை. லென்ஸை மாற்றினார், புள்ளி போகவில்லை. குழல் வழியாகக் கண்ணை வைத்துப் பார்த்தார், அங்கே புள்ளியே இல்லை.

"கேமராவுக்குள்ள தூசிம்மா!" புதையல் எடுத்தவர் மாதிரி சொன்னார்.

"அதைத் திறந்து துடைக்க நமக்குப் பழக்கமில்லை. கம்பெனி ஆளைக் கூப்பிட்டிருக்கேன். வர ரெண்டு வாரமாகுமாம்."

"மெதுவா வரட்டும். அது தூசின்னுதான் எனக்குத் தெரியுமே."

கமருன்னிஸா அவரை ஒருதரம் பார்த்தார்.

முதல் இரண்டு நாள் அந்தப் புள்ளி திம்மராயன் கண்ணை உறுத்தியது. மூன்றாம் நாள் உறுத்தவில்லை. ஒரு வாரத்தில் அது அங்கே இருப்பதே அவருக்கு மறந்துபோயிற்று. அவர் பார்த்த ஸ்லைடுகளை அதுவரை கமருன்னிஸா குழல் வழியே மறுபடி பார்த்துவந்தார். பத்தாம் நாள் பேனாவை அவரிடம் நீட்டினார்.

"இன்னைக்கு நீங்களே பார்த்து, நீங்களே எழுதுங்க."

அன்றைய முட்டை எங்கே போகிறது என்று திம்மராயனுக்குத் தெரியும். மறுநாள் காலை மாதேபள்ளிக்கு. அங்கே அவர் மகள் பாக்யம்மா, அப்பா கைவிட்ட புழு வளர்ப்பு மனையைக் கழுவி, மருந்தடித்து, வெள்ளையடித்து வைத்திருந்தாள். தோட்டத்தில் மல்பெரி இலை பறிக்கும் பதத்தில் நின்றது. நாலு வருடத்துக்குப் பிறகு அந்த வீட்டில் புழு வளரப்போகிறது. காலையில்கூடப் போனில், "நீ பார்த்துக் குடுக்கற முட்டைப்பா, எனக்கென்ன கவலை" என்றாள்.

கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்த்தார். பசி தெரியவில்லை. நாற்பது தாய்களைப் பார்த்து, நாற்பது தடவை 'இல்லை' என்று எழுதினார். நாற்பத்தொன்றுக்கு எழுதப் பேனாவை எடுத்தபோது பின்னால் கமருன்னிஸா வந்து நின்றார்.

"இது எப்படிண்ணா?"

"சுத்தம்மா."

"மூலையில?"

"எந்த மூலை?" அவருக்கு உண்மையிலேயே புரியவில்லை. பிறகு சிரித்தார். "ஓ, அதுவா. அது நம்ம தூசிதானேம்மா."

கமருன்னிஸா கை நீட்டி ஸ்லைடு நகர்த்தும் திருகை மயிரிழை அளவு திருப்பினார்.

தூசி நின்ற இடத்தில் நின்றது. அதன் அடியிலிருந்து இன்னொன்று வெளியே வந்தது.

நீள்வட்டம். அரிசி வடிவம். உள்ளே விளக்கேற்றி வைத்ததுபோல் ஒரு மினுக்கம். நின்ற இடத்திலேயே அது மெல்ல நடுங்கிக்கொண்டிருந்தது.

திம்மராயன் நாற்காலியை விட்டு எழுந்தார். ஆறு மாதமாகப் பாடமாகக் கேட்ட நோய் வித்து இது. படத்தில் பார்த்தது. நேரில் பார்த்ததில்லை. அவருடைய மனையை, தட்டுகளை, மூன்று பருவத்து உழைப்பைத் தின்றது இவ்வளவு சின்னதா? இவ்வளவு அழகாகவா இருக்கும்? பயமும் பிரமிப்பும் ஒன்றாக வந்தன. கண்ணை எடுக்க முடியவில்லை.

"ஒண்ணே ஒண்ணுதானேம்மா?" என்றார் கடைசியில். குரல் கெஞ்சியது.

"ஆமாண்ணா. ஒண்ணுதான்."

அதற்குமேல் அவர் கேட்கவில்லை. நோட்டில் நாற்பத்தொன்றுக்கு நேராக 'உண்டு' என்று எழுதினார். எழுத்து கோணியது. பிறகு வெளியே போய் மகளுக்குப் போன் செய்தார்.

"முட்டை நாளைக்கு வராதும்மா."

"ஏம்ப்பா? இலை முத்திடுமே!"

"முத்தட்டும். மாட்டுக்குப் போடு."

"யாராவது தப்புப் பண்ணிட்டாங்களாப்பா?"

திம்மராயன் மதில்மேல் கையை ஊன்றிக்கொண்டார். "நான் பண்ண இருந்தேம்மா" என்றார்.

முட்டை ஒட்டிய அட்டைகளைத் தானே சுமந்து போய்க் கொல்லைக் குழியில் அடுக்கினார். நெருப்பையும் தானே வைத்தார். கடுகு பொரிவதுபோல் முட்டைகள் படபடவென்று பொரிந்தன. அழுகை வந்தது, அழுதார். கமருன்னிஸா பக்கத்திலேயே நின்றிருந்தார், தடுக்கவில்லை.

சாம்பலைக் கிளறி மண் தள்ளியபிறகு இருவரும் தொட்டியில் கை கழுவினார்கள்.

"நாலு வருஷமா ஒரு ஆளைத் திட்டிக்கிட்டிருந்தேம்மா" என்றார் திம்மராயன். "கண்ணு தெரியாத கபோதின்னு. அந்த ஆளுக்கும் கண்ணு நல்லாத்தான் தெரிஞ்சிருக்கும்."

கமருன்னிஸா துண்டை எடுத்து அவரிடம் கொடுத்தார்.

"ஒண்ணு மட்டும் சொல்லுங்கம்மா. காலையிலேர்ந்து அங்கேயே உட்கார்ந்திருக்கேன், எனக்குத் தெரியலை. நீங்க வந்து நின்னதும் நேரா அந்த மூலைக்குப் போனீங்க. அது அங்கேதான் இருக்குன்னு உங்களுக்கு எப்படித் தெரிஞ்சுது?"

"எனக்குத் தெரியாதுண்ணா."

"தெரியாமலா நகர்த்தினீங்க?"

"தெரியாததாலதான் நகர்த்தினேன்."