சிங்காரம் முதல் தரம்

கொட்டாங்குளத்துக்காரர்கள் சொன்னதைச் சொன்னபடியே செய்வார்கள். ஊர் உருப்படாமல் போனதற்கு அதுதான் காரணம்.

அங்கே சத்துருண்டைச் சங்கம் ஒன்று இருந்தது. தலைவர் பரஞ்சோதி. விற்காமல் மிஞ்சிய உருண்டைகளைத் தின்று உறுப்பினர் சிங்காரம் வளர்ந்தாரே தவிர, சங்கம் வளரவில்லை. கடைசியில் ஒரு மாணவர் விடுதி உருண்டைகளை வாங்கிக்கொள்ள முன்வந்தது. இதுவும் கைநழுவினால் சங்கத்தைப் பூட்ட வேண்டியதுதான். பரஞ்சோதிக்குச் சோறு இறங்கவில்லை.

விடுதியிலிருந்து வந்த பெண் ஒரு சின்னக் கருவியைக் கொடுத்தாள். அது பொருளின் மேல் ஒளியை அடிக்குமாம். பட்டுத் திரும்பும் ஒளியை வைத்தே புரதம், கொழுப்பு எல்லாம் கணித்து, தரத்தை வாய்விட்டுச் சொல்லுமாம். வெளி வெளிச்சம் படக் கூடாது. முதல் தரம் என்றால் ஸ்டிக்கர் ஒட்ட வேண்டும். ஸ்டிக்கர் ஒட்டியதை மட்டும் சாயங்காலம் வேனில் ஏற்ற வேண்டும். இவ்வளவும் சொல்லிவிட்டு அவள் போய்விட்டாள். அங்கேதான் தப்புச் செய்தாள்.

பரஞ்சோதி கதவு, ஜன்னலைச் சாத்தி, ஓட்டு இடுக்குகளில் சாக்கைத் திணித்தார். கும்மிருட்டு. உருண்டை பிடிக்கும் மருதாயி, டார்ச் அடித்தால் அது உள் வெளிச்சம்தானே என்று கேட்டாள்.

"டார்ச் எங்க இருக்கு?"

"எங்க வீட்டுல."

"அப்ப அது வெளி வெளிச்சம், தாயி."

இதனால்தான் அவரைத் தலைவராக வைத்திருந்தார்கள்.

தட்டிலிருந்து ஓர் உருண்டை உருண்டோட, அதைத் தேடிச் சிங்காரம் குனிந்தார். அவருக்கு முழு வழுக்கை. பரஞ்சோதியின் கையில் வழவழவென்று ஏதோ தட்டுப்பட்டது. நெய் தாராளம் என்று மருதாயியைப் பாராட்டிவிட்டு, கருவியை வைத்து அழுத்தினார்.

"புரதம் நிறைவு. கொழுப்பு மிகுதி. முதல் தரம்," என்றது கருவி.

ஸ்டிக்கர் ஒட்டினார். அடுத்ததும் முதல் தரம். அதற்கடுத்ததும் அப்படியே. பரஞ்சோதிக்குக் கண் கலங்கியது. தலையில் ஏதோ ஒட்டுவதுபோல் சிங்காரத்துக்குத் தோன்றியதுதான். வேலை நேரத்தில் பேச வேண்டாமென்று இருந்துவிட்டார்.

ஸ்டிக்கர் தீர்ந்ததும் கதவைத் திறந்தார்கள். தட்டில் உருண்டைகள் வெறுமனே இருந்தன. சிங்காரத்தின் தலையில் இடமே இல்லை.

உரித்து உருண்டைகளில் ஒட்டிவிடலாமே என்றாள் மருதாயி.

"அவன் வாங்கின தரத்தை உருண்டைக்குக் கொடுக்கறதா? அது மோசடி," என்றார் பரஞ்சோதி.

வேன் வந்தது. சரக்கு எங்கே என்று டிரைவர் கேட்க, சிங்காரம் அடக்கமாகத் தலையைக் குனிந்து காட்டிவிட்டு ஏறிக்கொண்டார்.

"அண்ணே, அவங்களுக்குப் பிடிச்சுப்போய் இன்னும் கேட்டா?" என்றார் வேனிலிருந்து.

"உன் தம்பி இருக்கான்ல."

"அவன் ஒல்லிண்ணே. முதல் தரம் வராது."

பரஞ்சோதி யோசித்தார். பிறகு தட்டோடு நின்ற மருதாயியிடம் திரும்பினார்.

"இந்த உருண்டையெல்லாம் அவனுக்குக் கொடு, தாயி. அடுத்த லோடுக்குள்ள தேறிடுவான்."