இதில் எது வேணி

சீடருக்குக் கோபம் வந்துவிட்டது. குருவின் வீட்டுக்குக் கோபத்தோடு போகக்கூடாது என்று யாரும் சட்டம் போடவில்லை. இசக்கிமுத்து வாசலில் செருப்பை மட்டும் கழற்றிவிட்டு உள்ளே போனார்.

இந்தக் கதையில் குருவுக்கு வயது குறைவு, சீடருக்கு வயது கூட. ஜெசிந்தா என்றால் தூத்துக்குடியில் ஸ்டுடியோ வைத்திருக்கும் எல்லோருக்கும் தெரியும். கல்யாணப் படங்களைக் கம்ப்யூட்டரில் திருத்தி ஆல்பமாக்கிக் கொடுப்பவர். இசக்கிமுத்து கல்யாண வீடுகளில் வீடியோ எடுத்துக்கொண்டிருந்தவர். அந்தத் தொழில் படுத்துவிட்டதால், மீசை நரைத்த பிறகு அவரிடம் இந்த வேலையைக் கற்றுக்கொண்டார். ஜெசிந்தா அவரை அண்ணாச்சி என்பார். அவர் ஜெசிந்தாவை டீச்சர் என்பார்.

கையில் இருந்த ஆல்பத்தை அவர் மேசைமேல் வைக்கவில்லை, போட்டார்.

"திருப்பி விட்டுட்டாங்க டீச்சர்."

"யாரு?"

"பொண்ணு வீட்டுல. மொகம் சாம்பல் பூசுன மாதிரி இருக்காம்."

டீச்சர் புரட்டிப் பார்த்தார். முகூர்த்தம், வரவேற்பு, மறுவீடு. எல்லாவற்றிலும் பட்டுப் புடவை பளபளவென்று இருந்தது. பெண்ணின் முகம் மட்டும் சாம்பலாகத்தான் இருந்தது.

"ஒங்க கம்ப்யூட்டர்ல எப்படி இருந்துச்சு?"

"தங்கமா இருந்துச்சு. அந்தப் பழைய சவத்தக் கட்டிக்கிட்டு நான் என்ன செய்ய முடியும்? தப்பு முழுக்க அந்த மெஷின் மேல. ஏச்சு மட்டும் எனக்கு."

அவர் கோபத்தில் நியாயம் இல்லாமல் இல்லை. ஸ்டுடியோ முதலாளி முகத்துக்கு நேரே சொல்லிவிட்டார்: ஆல்பத்தை மறுபடி செய், இதுவும் திரும்பி வந்தால் நான் வேறு ஆளைப் பார்த்துக்கொள்கிறேன். இசக்கிமுத்து திரும்பி வீடியோ எடுக்கவும் போக முடியாது. கேமராவை விற்றாயிற்று. அந்தப் பணத்தில் ஒரு கம்ப்யூட்டர் வாங்கலாம், ஒரே ஒரு தடவை வாங்கலாம். தப்பானதை வாங்கிவிட்டால் வேலையும் போச்சு, கேமராவும் போச்சு.

கம்ப்யூட்டர் வாங்கப் போகிறேன் என்று ஊரில் சொல்லிப் பாருங்கள். அதுவரை உங்களிடம் பேசாதவர்கூட யோசனை சொல்ல வந்துவிடுவார். பக்கத்துத் தெரு மாப்பிள்ளை கிராபிக்ஸ் கார்டு இல்லாமல் வாங்காதே என்றார். மச்சினன் லேப்டாப்தான் நல்லது என்றான். கடைக்காரர் கண்ணாடி வைத்து உள்ளே நீலமும் சிவப்புமாக விளக்கு எரிகிற சி.பி.யூ. ஒன்றைக் காட்டி, ஆடித் தள்ளுபடி முடிவதற்குள் எடுத்துவிடுங்கள் என்றார். பெட்டிக்குள் எதற்கு விளக்கு எரிகிறது என்று கேட்கத்தான் ஆள் இல்லை. இத்தனை பேர் பேச்சையும் கேட்டுத் தலை கிறுகிறுத்துத்தான் அவர் வந்திருந்தார்.

"நீங்க ஒரு வார்த்தை சொல்லுங்க டீச்சர். எதை வாங்க?"

"கேமராவுல வந்த படத்தையும் நீங்க திருத்துன படத்தையும் பென்டிரைவ்ல எடுத்துக்கோங்க. நாளைக்குக் கடைக்குப் போவோம்."

"பேர மட்டும் சொன்னா நானே போய் வாங்கிருவேனே."

டீச்சர் ஆல்பத்தை மூடி அவர் கையில் கொடுத்தார்.

மறுநாள் கடையில் கடைக்காரர் இருவருக்கும் நாற்காலி போட்டார். சுவரில் மானிட்டர்கள் வரிசையாக மாட்டியிருந்தன. எல்லாவற்றிலும் ஒரே கிளி பறந்தது. ஊரில் எந்தக் கிளியும் அவ்வளவு பச்சையாக இருக்காது.

"இது புது மாடல் சார். இதுல கேம் விளையாடினா..."

"இவரு விளையாட மாட்டாரு," என்றார் டீச்சர். "கிளிய எடுத்துட்டு இந்தப் பென்டிரைவ்ல இருக்குற படத்தப் போடுங்க. கேமராவுல வந்தது மொதல்ல."

கிளி போனது. மணப்பெண் வந்தாள். வேணி என்று பெயர். வரிசை முழுக்க வேணி.

ஒரு மானிட்டரில் செக்கச்செவேல் என்று இருந்தாள். அடுத்ததில் மஞ்சள். அதற்கடுத்ததில் விளக்கைப் போட்ட மாதிரி வெளுப்பு. ஒன்றில் நீலம் பாய்ந்திருந்தாள். கீழ் வரிசை மூலையில் ஒன்றில் கறுப்பாக இருந்தாள். படம் ஒன்று, புடவை ஒன்று, முகம் மட்டும் ஒன்றுக்கொன்று சம்பந்தமே இல்லாமல் இருந்தது.

கடைக்காரர் வெளுப்பைக் காட்டினார். "பாருங்க சார், எவ்வளவு பளிச்சுன்னு இருக்கு. இதுதான் இப்ப நல்லாப் போகுது."

டீச்சர் கடைக்காரர் பக்கம் திரும்பவில்லை.

"அண்ணாச்சி, கல்யாண வீட்டுல எம்புட்டு நேரம் இருந்தீங்க?"

"பொண்ணழைப்புல இருந்து மறுவீடு வரைக்கும் நாந்தானே வீடியோ எடுத்தேன். கேமராவ விக்கதுக்கு முந்தி எடுத்த கடைசிக் கல்யாணம்."

"அப்பச் சொல்லுங்க. இதுல எது வேணி?"

இசக்கிமுத்து முதல் மானிட்டரைப் பார்த்தார். அடுத்ததைப் பார்த்தார். கடைசி வரை போய்த் திரும்பி வந்தார். வேணியின் அட்டிகை ஞாபகம் இருந்தது. புடவையின் கரை ஞாபகம் இருந்தது. பந்தியில் அப்பளம் தீர்ந்துபோய் மாப்பிள்ளையின் சித்தப்பா சண்டை போட்டது ஞாபகம் இருந்தது. முகம் வரவில்லை.

"எனக்கு எப்படி டீச்சர் தெரியும்?"

"வேற யாருக்குத் தெரியும்?"

"நான் கம்ப்யூட்டர் வாங்க வந்தேன். பரீட்சை எழுத வரலை."

கடைக்காரர் சிரித்துவிட்டார். சிரித்திருக்கக் கூடாது. இசக்கிமுத்துவுக்குக் காது சிவந்துவிட்டது.

"பொண்ணு எங்க இருக்கா?" என்றார் டீச்சர்.

"ஆடி மாசம்லா. தாய் வீட்டுலதான் இருப்பா. இங்கதான், முத்தையாபுரம்."

"போய்க் கூட்டிட்டு வாங்க."

"கம்ப்யூட்டர் வாங்கதுக்குக் கல்யாணப் பொண்ணக் கூட்டிட்டு வரணுமா? ஒலகத்துல எங்கயாவது உண்டா? ஆல்பத்தத் திருப்பி விட்ட வீடு அது. நான் எந்த மொகத்தோட போய் நிப்பேன்?"

"சாம்பல் பூசாத மொகத்தோட போங்க."

அவர் கடையை விட்டு வெளியே வந்தார். பைக்கை அவர் உதைத்த உதை பைக்குக்கு உரியது இல்லை. குருவும் வேண்டாம் கம்ப்யூட்டரும் வேண்டாம் என்று வழியெல்லாம் திட்டிக்கொண்டே போனார். ஆனாலும் பைக் முத்தையாபுரத்துக்குத்தான் போனது. வேறு எங்கே போக முடியும்? கையில் இருந்த வேலை அது ஒன்றுதானே.

கதவைத் திறந்தது வேணியேதான். ஓர் உப்புக் கம்பெனியில் சூப்பர்வைசர். பாத்திகளுக்கு நடுவே வெயிலில் நின்று வேலை வாங்கிப் பழகிய குரல்.

"ஆல்பம் ரெடியாயிட்டா?"

"இல்லம்மா. ஒரு ஒத்தாசைக்கு வந்தேன்."

"ஒத்தாசையா? வாங்க, உள்ள வாங்க. மொதல்ல எனக்கு ஒண்ணு சொல்லுங்க. என் கலரு ஒங்கள என்ன செஞ்சுது?"

"அது... எல்லா ஆல்பத்துலயும் ஒரு சுத்து வெளுப்பாக்குவோம்மா. எல்லாரும் கேப்பாங்கன்னுதான்."

"நான் கேட்டனா?"

"இல்ல."

"எங்க வீட்டுக்காரரு கேட்டாரா? எங்க மாமியாரு கேட்டாங்களா?"

"இல்லம்மா."

"எங்கம்மா ஆல்பத்தப் பாத்துட்டு, ஏட்டி, கல்யாணத்தன்னைக்கிக் காய்ச்சலாக் கெடந்தியான்னு கேக்கா. நல்லாச் சிரிச்சுக்கிட்டு நின்னேன் நான். சிரிச்சவளப் பொணம் மாதிரி ஆக்கி வச்சிருக்கீங்க. நாளைக்கு எனக்கு ஒரு பிள்ள பொறந்து, அது கறுப்பாப் பொறந்து, இந்த ஆல்பத்தப் பாத்தா என்ன நெனைக்கும்? அம்மா வெள்ளையா இருந்தா, நான்தான் இப்படின்னு நெனைக்காதா?"

இசக்கிமுத்து மெஷின் மேல் பழியைப் போட வாயைத் திறந்தார். பிறகு மூடிக்கொண்டார். வெளுப்பாக்கு என்று மெஷின் அவரிடம் சொன்னதில்லை. யாருமே சொன்னதில்லை. படம் வந்தால் முதலில் முகத்துக்கு வெள்ளையடிப்பது என்று கை பழகிவிட்டது. சுவருக்குச் சுண்ணாம்பு அடிக்கிறவர்கூட வீட்டுக்காரரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டுத்தான் அடிப்பார். இந்தத் தொழிலில் அந்த வழக்கமும் கிடையாது.

"ஒரு அரை மணி நேரம் கடைக்கு வரணும்மா," என்றார். விஷயத்தைச் சொன்னார். சொல்லவே பரிதாபமாகத்தான் இருந்தது, ஆனாலும் மறைக்கவில்லை.

வேணி அவரை ஏற இறங்கப் பார்த்தாள். ஸ்கூட்டர் சாவியை எடுத்தாள்.

"வாரேன். எனக்கு ஒங்க மேல கோவம் போகல. அதையும் சொல்லிட்டுத்தான் வாரேன்."

கடையில் டீச்சர் ஷோகேஸ் கலர் விளக்குகளை அணைக்கச் சொன்னார். கடைக்காரர் முணுமுணுத்துக்கொண்டே அணைத்தார். வேணி கண்ணாடிக் கதவுப் பக்கம், பகல் வெளிச்சம் விழுகிற இடத்தில் நின்றாள்.

"இப்பப் பாருங்க அண்ணாச்சி."

இசக்கிமுத்து நிமிர்ந்து பார்த்துவிட்டு உடனே குனிந்துகொண்டார்.

"மூணு நாளு கேமரா வழியாப் பாத்தீங்கல்லா? இப்ப என்ன வெக்கம்?" என்றாள் வேணி. "நல்லாப் பாருங்க."

அவர் பார்த்தார். கறுப்பு என்று ஒரே வார்த்தையில் சொல்லிவிடக்கூடிய நிறம் இல்லை அது. கன்னத்தில் வெயில் பட்ட இடத்தில் செம்பு ஓடியது. கழுத்து இன்னும் ஆழ்ந்திருந்தது. இடது புருவத்தின் மேல் ஒரு சின்ன வெட்டுத் தழும்பு இருந்தது. கோபமாக இருக்கும்போதுகூட உதட்டோரத்தில் ஒரு சிரிப்பு நின்றது. இத்தனையும் அங்கேதான் இருந்திருக்கிறது. கல்யாண வீட்டில் அவர் வெளிச்சம் சரியா, ஆள் குறுக்கே வருகிறானா என்று மட்டும் பார்த்திருக்கிறார்.

அவளைப் பார்த்தார், மானிட்டரைப் பார்த்தார். மறுபடி அவளைப் பார்த்தார், அடுத்த மானிட்டரைப் பார்த்தார். கடைசியில் கீழ் வரிசை மூலைக்குப் போய்க் குந்தி உட்கார்ந்தார். பளபளப்பே இல்லாத மானிட்டர். தள்ளுபடி ஸ்டிக்கர்கூட அதற்கு ஒட்டியிருக்கவில்லை.

"இதுதான் டீச்சர்."

"எப்படிச் சொல்லுதீங்க?"

"தழும்பு தெரியுது. கன்னத்துச் செவப்பு இதுல மட்டுந்தான் இருக்கு."

"சரி. இப்ப நீங்க திருத்துன படத்த அதுல போடச் சொல்லுங்க."

கடைக்காரர் போட்டார்.

இசக்கிமுத்து குந்தின இடத்தை விட்டு அசையவில்லை. தழும்பு இல்லை. செம்பு இல்லை. சிரிப்பு இருந்த இடம் மழுங்கிப் போயிருந்தது. வீட்டில் அவருடைய பழைய மானிட்டர் மஞ்சள் ஏறிப்போனது. அந்த மஞ்சள்தான் இத்தனை நாள் இந்தச் சாம்பலைத் தங்கமாகக் காட்டியிருக்கிறது.

"சவம்," என்றார். "இத நானா செஞ்சேன்?"

டீச்சர் கடைக்காரரிடம் அந்த மானிட்டரின் விலையைக் கேட்டார்.

விலை பேசினார்கள். நிறத்தை உள்ளபடி காட்டுகிற மானிட்டர் என்பதால் அது ஒன்றே கையில் இருந்த பணத்தில் பாதிக்கு மேல் விழுங்கியது. மிச்சத்துக்கு விளக்கு எரிகிற பெட்டி கிடைக்காது. சாதாரணமான ஒரு கறுப்புப் பெட்டிதான் கிடைக்கும்.

கடைக்காரருக்கு மனசு ஆறவில்லை. "சார், உங்க நல்லதுக்குச் சொல்றேன். இந்தப் பெட்டியில கிராபிக்ஸ் கார்டு கிடையாது. படத்துல ஒரு மாத்தம் பண்ணிட்டு அது வர்ற வரைக்கும் உட்கார்ந்திருக்கணும். மானிட்டர்ல கொஞ்சம் குறைச்சுக்கிட்டா, பெட்டியில நல்லதாத் தந்துருவேன்."

"ரேம் பொறவு கூட்டிக்கிடலாம்லா?" என்றார் டீச்சர்.

"கூட்டலாம் மேடம்."

"கார்டும் பொறவு போட்டுக்கிடலாம்?"

"போடலாம்."

"அப்ப மானிட்டர்ல கொறைக்க வேண்டாம்."

இசக்கிமுத்து பணத்தைக் கொடுத்தார். மானிட்டர் ஒரு பெட்டியிலும் சி.பி.யூ. ஒரு பெட்டியிலும் வந்தன. சின்னப் பெட்டியைப் பார்க்கப் பார்க்க அடங்கியிருந்த கோபம் மறுபடி கிளம்பியது. கேமராவை விற்ற காசு. இத்தனை காசைக் கொட்டியும் காத்துக் கிடக்க வைக்கிற மெஷின்தானா?

"டீச்சர், நீங்க சொன்னதெல்லாம் கேட்டேன். வெயில்ல முத்தையாபுரம் போனேன், ஏச்சு வாங்குனேன், கடையில குந்தி உக்காந்தேன். ஒண்ணே ஒண்ணு கேக்கேன், பதில் சொல்லுங்க. ஆல்பத்துல அம்புட்டுப் படம் இருக்கு. ஒவ்வொரு படத்துக்கும் இந்த மெஷின் நின்னு நின்னு யோசிச்சா, அது வரைக்கும் நான் சும்மா உக்காந்து என்னத்தச் செய்ய?"

கண்ணாடிக் கதவுக்கு வெளியே வேணி ஸ்கூட்டரைத் திருப்பிக்கொண்டிருந்தாள்.

"அந்தப் பிள்ள மொகத்தப் பாருங்க அண்ணாச்சி," என்றார் டீச்சர்.