நடுங்கிய கைகளின் தொண்டு

கடற்கரைப் பட்டினம் ஒன்றின் சுடுகாட்டில் பிணத்துணி பொறுக்குவதே சேந்தியார் என்னும் பெண்ணின் தொண்டு. பிறர் எறிந்த துணியை மட்டுமே உடுப்பதென்று நோன்பு பூண்ட புத்தத் துறவிகள் அவ்வூர் விகாரையில் வாழ்ந்தனர். அவர்களுக்காகச் சேந்தியார் அத்துணிகளை வேகவைத்துத் துவைத்து, பலாக்கட்டைச் சாற்றில் தோய்த்துக் காவி நிறமேற்றிக் கொடுப்பார். அவர் அச்சம் அற்றவர் அல்லர். நாள்தோறும் சுடுகாட்டு வாயிலில் அவருக்கு முழங்கால் நடுங்கும். புத்தரின் பெயரைச் சொல்லிக்கொண்டே உள்ளே நுழைவார்.

குளத்தங்கரையில் அவரை அதிகம் ஏசியவள் பூதி என்பவள்.

"ஏய் சேந்தி, அந்தப் பக்கம் போயி அலசுடி! ஒன் கை பட்ட தண்ணியில மீனே செத்து மெதக்குது!"

சேந்தியார் மூட்டையைத் தூக்கிக்கொண்டு நகர்ந்துவிடுவார்.

அவ்வாண்டு வைசூரி என்னும் பெரியம்மை பரவியது. தொற்றுக்கு அஞ்சியவர்கள் பாடையை இறக்கிவிட்டு, எரிக்காமலே ஓடினர். பனிமூட்டமான ஒரு காலையில் சேந்தியார் ஒரு பிணத்தின் மேலிருந்த துணியைப் பற்றினார். உள்ளிருந்து ஏதோ அதைப் பற்றி இழுத்தது.

வாயில்வரை ஓடினார். எப்பொருளும் தானாக நிற்பதில்லை, மனமும் அப்படியே என்று விகாரையில் ஓதக் கேட்டது நினைவுக்கு வந்தது. கண் கண்டது துணி அசைந்ததை மட்டுமே. பேயைச் சேர்த்தது மனம். அப்படியானால் இந்த அச்சம் எங்கே இருக்கிறது? நெஞ்சில் தேடினார்; துடிப்புதான் இருந்தது. காலில் தேடினார், குளிர்தான் இருந்தது. ஆனாலும் நடுக்கம் நிற்கவில்லை. நடுங்கிக்கொண்டே திரும்பி வந்து துணியை விலக்கினார்.

கொப்புளம் மூடிய அந்த முகம் பூதியுடையது.

"தண்ணி..." என்றாள்.

சேந்தியார் அவளைத் தோளில் சாய்த்து அவள் வீட்டுக்குக் கொண்டுபோனார். கதவுக்குப் பின்னாலிருந்து கணவன் அலறினான்: "பாடையில போனது வீட்டுக்கு வரக்கூடாது! இங்கயே நின்னே, ரெண்டு பேரையும் சேத்துக் கொளுத்திருவோம்!"

"உசுரு இருக்குய்யா. தொட்டுப் பாருங்க."

கதவு திறக்கவில்லை. தெருவிலிருந்து கல் வந்து விழுந்தது. சுடுகாட்டோரத்துத் தம் குடிசைக்கே அவளை எடுத்துச் சென்றார். தீப்பந்தம் வருகிறதா என்று வாசலைப் பார்த்தபடியே வேப்பிலையால் வீசினார், கஞ்சி புகட்டினார்.

கொப்புளங்கள் காய்ந்த அன்று பூதி கேட்டாள்: "சேந்தி, எங்காலப் பிடிச்சுக்கிட்டே இன்னொருத்தி இருந்தாளே, அவ எங்க?"

குடிசைக்குள் வேறு எவரும் வந்ததில்லை.

அதே வேளையில் விகாரையில் துறவிகள் ஒருவரையொருவர் அழைத்துக் காட்டினர். அஞ்சுவோரைக் காக்கும் தாரை தேவியின் கற்சிலையில், அதுவரை வழவழப்பாயிருந்த உள்ளங்கைகள் இரண்டிலும் அம்மைத் தழும்புகள் இருந்தன. பின்னர் துணி கொடுக்கச் சென்று அதைக் கண்ட சேந்தியார் மீண்டும் நடுங்கினார்.

அஞ்சியபடியே அருள் செய்த அந்த அடியாரை வணங்குவோம்.