அழிக்க ஆளில்லை

தென்காசியில் கல்யாணத் தகவல் நிலையம் நடத்திய சொரிமுத்துவுக்கு மனசு தங்கம், கோபமோ வைக்கோல் நெருப்பு. ஊர்ப்பட்ட வரன்களின் விவரமெல்லாம் கம்ப்யூட்டரில் ஏறியதும், அதைப் பார்த்துக்கொள்ளும் இசக்கியம்மாளைக் கூப்பிட்டார்.

"சேர்க்க, திருத்த, அழிக்க எல்லா அதிகாரமும் எனக்கு வேணும். நான் முதலாளி!"

மறுத்தால் வேலை போகும். கொடுத்தால் அவர் கோபத்தில் வரன்கள் போகும். இசக்கி யோசித்தாள்.

"கல்யாண வீட்டுல பெரியவங்க கரண்டி பிடிப்பாங்களா முதலாளி? எல்லாத்தையும் மேற்பார்வை பார்ப்பாங்க. சேர்க்கவும் திருத்தவும்தான் வேலைக்காரங்க நாங்க இருக்கோமே."

அவர் மீசையைத் தடவிக்கொண்டார். பார்க்கும் அனுமதி மட்டும் அவர் பெயரில் ஏறியது.

ஒருநாள் ஒரு மாப்பிள்ளை வீட்டார் அவருக்கு வணக்கம் சொல்லாமல் போய்விட்டார்கள். அவர்களை நீக்குவதாக நினைத்து, எல்லா வரன்களையும் தேர்வு செய்து, அழிக்கும் பொத்தானை அழுத்தினார். 'உங்களுக்கு அனுமதி இல்லை' என்றது கம்ப்யூட்டர்.

"இசக்கி! இங்க அழிக்கிற வேலைக்காரன் யாரு? கூப்பிடு அவனை!"

"அந்த வேலைக்கு இன்னும் ஆளே எடுக்கலை முதலாளி" என்றபடி அவள் திரையைக் காட்டினாள். ஒரு பெயர் பாக்கியில்லாமல் அத்தனையும் தேர்வாகியிருந்தன.

சொரிமுத்துவுக்கு வேர்த்துவிட்டது. பிறகு வயிறு குலுங்கச் சிரித்தார்.

"எடுக்கவே எடுக்காதே தாயி!"