மருளாற்றுப் பாலமும் அமைச்சரின் மீசையும்

கரையற்ற கருணைக் கடலாகி, அடியார்க்குத் தானே தோணியும் ஆகி நிற்கும் வேலவன் திருவடி துணை.

மருளாறு என்றோர் ஆறு. மழைக்காலந்தோறும் புரண்டு படுத்து, வேறொரு தடத்தில் ஓடும். தைப்பூசத்தன்று முருகனின் பல்லக்கு அதைக் கடந்து குன்றேற வேண்டும். "இம்முறை சுவாமி பாலத்தின்மேல் எழுந்தருளுவார், இல்லையேல் என் மீசையை எடுத்துக்கொள்ளுங்கள்" என்று அமைச்சர் வல்லபராயர் அரசசபையில் வாய்விட்டுவிட்டார். காதைத் தொடும் மீசை அது. அன்றிரவே மூன்று தச்சர்களை வரவழைத்தார். சிறந்த திட்டத்துக்குப் பெருந்தச்சர் பட்டம் என்றார்.

"ஆறு இங்கேதான் ஓடும், ஐயா. எனக்குத் தெரியாதா?" என்று காடவன் கருங்கல் பாலம் கட்டினான்.

"ஆற்றை யார் அறிவார்? சில மழைக்காலம் பார்த்துவிட்டுச் சொல்கிறேன்" என்று வேட்டன் கரையில் பாய் விரித்தான்.

"எங்கே ஓடும் என்று எனக்கும் தெரியாது, ஐயா" என்ற பொன்னாண்டான், ஓடங்களைச் சங்கிலியில் கோத்துப் பலகை பாவி, அவிழ்த்துக் கட்டக்கூடிய பாலம் செய்தான். ஆறு அகன்றால் உதவும் என்று உபரி ஓடங்களும் வைத்துக்கொண்டான்.

வெள்ளம் வடிந்தபோது ஆறு கற்பாலத்தை விட்டு விலகியிருந்தது. பாலத்து நிழலில் ஆடுகள் அசைபோட்டன. கரையேற்றி வைத்திருந்த ஓடங்கள் புதுத் தடத்துக்குப் போயின, பூசத்தன்று பல்லக்கு கடந்தது, மீசை தப்பியது.

ஆனால் பட்டம் சூட்ட நல்ல நாள் பார்த்து முடிப்பதற்குள் அடுத்த மழை வந்துவிட்டது. ஆறு பழைய தடத்துக்கே திரும்பி, கற்பாலத்தின் கீழ் நல்ல பிள்ளையாய் ஓடியது.

அதைக் காண அரசனும் அமைச்சரும் கரைக்கு வந்தபோது, காடவன் மூச்சிரைக்க ஓடிவந்தான். "பார்த்தீர்களா? ஆறு என் சொல்லைக் கேட்டுவிட்டது!"

"கேட்க ஓராண்டு ஆயிற்றோ?" என்றான் பொன்னாண்டான்.

"ஆற்றை அறிய முடியாது என்று முதலில் சொன்னவன் நான்" என்றான் வேட்டன், பாயில் படுத்தபடியே.

அரசன் சிரித்தான். "அமைச்சரே, தீர்ப்பு உம்முடையது. தவறினால் மீசை என்னுடையது."

உடன் வந்திருந்த அரண்மனை நாவிதர் கத்தியைத் தீட்டினார். வல்லபராயர் இரு கைகளாலும் மீசையைப் பொத்திக்கொண்டு யோசித்தார்.

கேட்போரே, பட்டம் யாருக்கு உரியது?

விடை: பொன்னாண்டானுக்கே. ஒரு திட்டத்தை, அதைத் தீட்டிய நாளில் தெரிந்திருந்ததைக் கொண்டே எடைபோட வேண்டும். ஆறு திரும்பியது ஆற்றின் விருப்பம். அதில் காடவனின் ஞானம் ஏதுமில்லை. வேட்டன் தன் அறியாமையை அறிந்தான். ஆயினும் பூசம் அவனுக்காகக் காத்திராது. தெரியாததற்கும் இடம்விட்டுக் கட்டியவன் ஒருவனே. வல்லபராயர் இவ்வாறே சொல்ல, நாவிதர் பெருமூச்சோடு கத்தியை மடக்கினார்.

இதைக் கேட்டோர், ஆறு எந்தத் தடத்தில் திரும்பினாலும் வேலவன் அருளால் கரை சேர்க. மீசை உள்ளோர் மீசையோடு சேர்க.