மூணாவது கவுண்டர்

மலை ஆஸ்பத்திரியில் எடுக்கிற ஸ்கேன் படம் கீழே நகரத்து டாக்டரிடம் வந்து சேர இரண்டு கேபிள் உண்டு. காட்டுப் பக்கம் ஒன்று, அணைப் பக்கம் ஒன்று. இரண்டையும் கட்டி மேய்ப்பவள் தெய்வானை. அவளிடம் தொழில் பழகுபவன் செங்கோடன்.

அன்று காலை அவன் தானே எழுதிய முறையை அவளைக் கேட்காமல் ஓடவிட்டிருந்தான். எந்தக் கேபிள் காலியோ, பாதி வழியில் இருக்கிற படம் உட்பட எல்லாப் படமும் அதற்கு மாறும். நல்ல யோசனைதானே? ஆனால் ஒரு படமும் ஒழுங்காகப் போகவில்லை.

மலையிலிருந்து நர்ஸ் பிரான்சிஸ்கா போனில் கத்தினாள்.

"மரத்துலேர்ந்து விழுந்த பிள்ளை இது! மண்டைப் படம் பாதியில நிக்குது. அங்க உட்கார்ந்து தாயமா ஆடுறீங்க?"

தெய்வானை அவன் முறையை நிறுத்தினாள். பழையபடி பாதிப் படங்கள் காட்டுப் பக்கம், மீதிப் படங்கள் அணைப் பக்கம் என்று பிரித்துவிட்டாள்.

மறுபடி போன். "டாக்டர் பார்த்துட்டாரு. பிள்ளையைக் கீழ இறக்கச் சொல்லிட்டாரு, வண்டி கிளம்பிடுச்சு. வழியில ஏதாவது ஆச்சுன்னா பெத்தவளுக்கு நீங்கதான் பதில் சொல்லணும்."

செங்கோடனுக்கு முகம் சிவந்தது.

"என் முறையில என்னக்கா தப்பு? காலியைப் பார்த்துத்தான் அனுப்பினேன். கேபிள் பத்தலை. மூணாவது ஒண்ணு போடச் சொல்லுங்க."

"சாப்பிட வா."

கேன்டீனில் இரண்டு கவுண்டர். இரண்டிலும் நல்ல கூட்டம். வலப்பக்கம் கூட்டம் கரைந்து காலியானபோது தெய்வானை நாற்காலி மேல் ஏறி நின்றாள்.

"வலப்பக்கம் காலி!"

தட்டோடு எல்லாரும் ஓடினார்கள்.

"இடப்பக்கம் காலி!"

அத்தனை பேரும் திரும்பி ஓடினார்கள். ஒருவர் சட்டை முழுக்க ரசம். மறுபடி வலம், மறுபடி இடம்.

"யம்மா, கிறுக்கா உனக்கு?" பரிமாறுகிற முனியாண்டி கரண்டியை ஓங்கினார். "அள்ளின சோறு கையிலயே நிக்குது. ஊத்த ஒரு தட்டு நிக்க மாட்டேங்குது!"

செங்கோடன் அவள் கையைப் பிடித்து இழுத்தான்.

"இறங்குங்கக்கா! பசியில நிக்கிறவங்ககிட்ட எதுக்குப் பொய் சொல்றீங்க?"

"பொய்யா? நான் சொன்னப்போ காலியாத்தானடா இருந்துச்சு."

அவன் கை தளர்ந்தது.

தெய்வானை குனிந்து அவன் முகத்தைப் பார்த்தாள்.

"மூணாவது கவுண்டர் ஒண்ணு போடச் சொல்லட்டுமா?"